அத்தான் போட்டுக்கொடுத்த போர்ச்சுகல்

எங்கள் குடும்பத்துக் கல்யாண ஆல்பம் எதைப் புரட்டினாலும் என் அக்காவும் அத்தானும் சேர்ந்து நிற்கிற படம், அவர்களுடைய கல்யாண ஆல்பத்தைத் தவிர, ஒன்றுகூடக் கிடைக்காது. அக்கா இருந்தால் அத்தான் இருக்கமாட்டார். அத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் அக்கா இருக்கமாட்டாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ என்று தூரத்துச் சொந்தக்காரர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததுண்டு. பேச்சுவார்த்தைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எல்லாம் அந்த லிஃப்ட்டால் வந்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடம், அதற்கு ஒரே ஒரு லிஃப்ட், அதற்கு ஒரே ஒரு அத்தான். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை. அதை ஒட்டி அவர் குடியிருக்க இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். லிஃப்ட் கிளம்பினால் அந்தச் சுவர் உறுமும், அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். அக்கா கல்யாணமாகிப் போன புதிதில் நான் அங்கே தங்கப் போய், பூகம்பம் என்று அலறி எழுந்திருக்கிறேன். அக்கா புரண்டுகூடப் படுக்கவில்லை. "ஒன்பதாவது மாடிக்காரர் வேலை முடிஞ்சு வர்றாரு. படுடி" என்றாள். சத்தத்தை வைத்தே எந்த மாடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவாள். அத்தானிடம் அவள் பாடம் ஒன்றும் படிக்கவில்லை. சுவரே சொல்லிக்கொடுத்துவிட்டது.

லிஃப்ட்டுக்குள் ஒரு டெலிபோன் உண்டு. நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் அதை எடுக்க வேண்டும், அத்தான் வீட்டில் மணி அடிக்கும். எந்த நேரமும் அந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே போட்ட நிபந்தனை. சம்பளம் அத்தானுக்கு, காவல் இரண்டு பேருக்கும். அக்கா பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். அவள் வீடு திரும்பிய பிறகுதான் அத்தான் முடி வெட்டிக்கொள்ளக்கூடக் கீழே இறங்குவார். அவர் வெளியே போயிருக்கும்போது மணி அடித்தால் அக்கா எடுப்பாள். "பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். அவரு இப்ப வந்துடுவாரு." அந்தக் குரலைக் கேட்டால் மாட்டிக்கொண்டவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளிடம் குடும்பக் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பேசியே அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அவளுக்குச் சிநேகம்.

கிளினிக்கில் அக்காவின் மேஜைக்கு எதிரே ஒரு படம் மாட்டியிருந்தது. செங்குத்தான ஒரு தெரு, இரண்டு பக்கமும் வெளிறிய வீடுகள், நடுவில் மஞ்சள் டிராம் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்கும். தெருவின் அடியில் ஒரு துண்டுத் தண்ணீர் மினுங்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் படத்தையா பார்ப்பார்கள்? அக்கா ஒருத்திதான் வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று டாக்டரைக் கேட்டாளாம். "ஃபிரேம் வாங்கினேன்மா, உள்ள அது இருந்துச்சு" என்றாராம். கடைசியில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒரு நோயாளிதான் சொன்னார், அது போர்ச்சுகல், லிஸ்பன் நகரம், தான் போயிருக்கிறேன் என்று.

அன்று சாயங்காலம் அக்கா அத்தானிடம் கேட்டாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை போர்ச்சுகல் போயிட்டு வரலாமா?" இதில் போர்ச்சுகல் பெரிசா, சேர்ந்து என்பது பெரிசா என்று என்னைக் கேட்டால் சேர்ந்துதான் பெரிசு என்பேன். தெருமுனைக் கடைக்குக்கூட அவர்கள் சேர்ந்து போனதில்லை.

அத்தான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா ஒரு வாரம் அழுதுவிட்டு மறந்திருப்பாள். "தாராளமா போலாம். ஆனா திட்டம் போட்டுத்தான் போகணும்" என்றார். போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடம் இருக்காது. லிஸ்பன் விரிந்து கிடக்கும். அத்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சிலோடு குனிந்திருப்பார். விமான நிலையத்தில் எந்த வாசல் வழியாக வெளியே வருவது, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், எந்தச் சதுக்கத்தில் உட்கார பெஞ்சு உண்டு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஹோட்டலில் எந்த மாடியில் அறை கேட்பது என்பதற்கே ஒரு மாதம் யோசித்தார். லிஃப்ட் பழசாக இருந்தால் முதல் மாடி. புதுசாக இருந்தால் அந்த ஹோட்டலே வேண்டாம், புதுசை நம்ப முடியாது என்று தீர்ப்பு. நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். எனக்கு ஏறி உட்கார்ந்தால் கிளம்ப வேண்டும். அந்த மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் ஹார்ன் அடிக்கலாமா என்று கை பரபரக்கும்.

சண்டையும் உண்டு. லிஸ்பனில் ஒரு தெருவின் நடுவே இரும்பில் ஒரு லிஃப்ட் நிற்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கீழ்த்தெரு ஆட்களை மேல்தெருவுக்குத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறது. அத்தான் அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"முதல் நாள் காலைல நேரா இங்கதான்."

"இங்க லிஃப்ட்டைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறது பத்தாதா? அங்க போயும் லிஃப்ட்டா? எனக்கு அந்த மேட்டுத் தெருதான் முதல்ல."

"தெரு எங்கடி ஓடிடப் போகுது? அதை மத்தியானம் பாத்துக்கலாம்."

"என்னையும் அப்படித்தானே வெச்சிருக்கீங்க. மத்தியானம் பாத்துக்கலாம்னு."

அத்தான் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்தே ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. ஒரு வருஷம் கம்பிக் கயிறு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வருஷம் ஐந்தாவது மாடியில் குடி மாறுகிறார்கள், சாமான் ஏற்ற வேண்டும். ஒரு வருஷம் காரணமே இல்லை, அத்தான் வடக்கே போர்த்தோ நகரத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். திட்டம் வளர்ந்துகொண்டே போனது. அக்காவுக்கு நரை வந்தது. அவளுக்குப் போர்ச்சுகல் வேண்டும், அத்தானுக்குப் போர்ச்சுகல் திட்டம் போதும் என்பது எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்திருக்கும். வாயைத் திறக்கமாட்டாள்.

இந்த வருஷம் திறந்தாள். அதாவது, ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"திட்டத்தைக் கேட்டு. மே மாசம்தான் நல்லதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்க."

அவர் எழுதியதை அவரே எப்படி மறுப்பார்? விசாவுக்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். அன்று டெலிபோனுக்குக் காவல் நான். அக்கா நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு கிளம்பினாள். விசா அலுவலகத்தில் வரிசையில் நின்று, கைரேகை வைத்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த ஆளிடம் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அதை வந்து அவள் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டுமே! "பஸ்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து வந்தோம்டி. ஜன்னல் சீட்டை எனக்குக் குடுத்தாரு." போர்ச்சுகலாவது ஒன்றாவது, இவளை எட்டாம் நம்பர் பஸ்ஸில் தினமும் கூட்டிப் போயிருந்தால் போதுமே என்று அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது.

லிஸ்பன் முழுக்க மேடு பள்ளம், கல் பாவிய தெரு, முழங்காலுக்குப் பழக்கம் வேண்டும் என்று அக்கா மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். கிளினிக்குக்குப் போகும்போது படி, வரும்போது படி. முதல் வாரம் எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தாள், உயிர் இருக்கிறது என்று சொல்ல. மூன்றாவது வாரம் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டாள். "புருஷன் லிஃப்ட் மெக்கானிக், பொண்டாட்டி படியேறுறா. ஊரு என்ன நினைக்கும்?" என்றார் அத்தான். கேலிதான். ஆனால் முகம் முழுசாகச் சிரிக்கவில்லை.

அடுத்து, பத்து நாள் லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பதில் ஆள் வேண்டும். பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஓர் ஆளைக் கொண்டுவந்தால் தாராளமாகப் போகலாம் என்று கட்டடச் சங்கம் சொல்லிவிட்டது. நானே விசாரித்து ஒருவரைக் கூட்டி வந்தேன். அத்தான் வயசு இருக்கும், பெரிய தொப்பை, அதற்கு மேலே சட்டைப் பையில் டெஸ்டர். மோட்டார் அறைக்குள் நுழைந்து மோட்டாரைத் தட்டினார், பிரேக்கைப் பார்த்தார், கயிற்றைத் தடவினார். "அருமையா வெச்சிருக்கீங்க" என்றார். அத்தானுக்குப் பூரிப்பு. அப்புறம் தொப்பைக்காரர் கன்ட்ரோல் பெட்டியின் கதவைத் திறந்தார். திறந்தவர் ஓர் அடி பின்னால் வந்தார்.

நானும் அக்காவும் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒயர்கள், எந்த ஒயரிலும் நம்பர் இல்லை. ஒரு ரிலே சுவிட்சின் இடுக்கில் ரப்பர் துண்டு செருகியிருந்தது. இன்னொன்றைத் துணி காயப்போடும் கிளிப் ஒன்று கவ்விப் பிடித்திருந்தது. கதவு மூடுகிற வேகத்துக்கு ஒரு கோட்டுப் பொத்தான். அங்கங்கே கொண்டை ஊசிகள்.

"இது என்னோட கொண்டை ஊசி" என்றாள் அக்கா மெதுவாக. "அந்தப் பச்சைப் பொத்தான் என் ஸ்வெட்டரோடது. வீடு முழுக்கத் தேடினேன்."

"இதெல்லாம் யார் பண்ணினது?" என்று கேட்டார் தொப்பைக்காரர்.

"நான்தான்" என்றார் அத்தான். சொல்லும்போது நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. "உயிருக்கு ஆபத்தான எதையும் தொடல. பிரேக்கு, கயிறு எல்லாம் அப்படியே இருக்கு. கதவு, நிக்கிற இடம், இதெல்லாம் மட்டும் என் காதுக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கேன். ஒன்பது வருஷமா ஒரு ஆள் நடுவுல மாட்டினது கிடையாது."

"நீங்க இருக்கிற வரைக்கும் மாட்டாது. நான் வந்தா அன்னிக்கே மாட்டும். எது எதுக்குன்னு வரைபடம் இருக்கா?"

அத்தான் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார் தொப்பைக்காரர். நல்ல மனுஷர், உடனே கிளம்பவில்லை. நான்கு நாள் லிஃப்ட்டை நிறுத்தி வைத்தால் எல்லாவற்றையும் பழையபடி முறையாக மாட்டி, நம்பர் போட்டு, கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றார்.

"நாலு நாள் எப்படி நிறுத்தறது? பதினோராம் மாடி பியானோ டீச்சர் சக்கர நாற்காலியில இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா?" என்றார் அத்தான். நியாயமான கேள்வி. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, படியில் இறங்கி, பதினோராம் மாடிக்குப் போனாள். பியானோ டீச்சர் சிரித்தாராம். "அந்த நாலு நாளும் என் தம்பி வீட்டுல இருக்கேன். அங்க கீழ்வீடுதான். என் பேரைச் சொல்லிக்கிட்டு யாரும் வீட்டுலயே உக்காந்திருக்க வேண்டாம்." அக்கா அதோடு விடவில்லை. ஒவ்வொரு மாடியாக இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அவள் குரலில் ஒரு காலத்தில் ஆறுதல் கேட்டவர்கள் எல்லாரும் சரி என்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மேலே ஏறி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் சரின்னுட்டாங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அத்தான் கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என் லிஃப்ட்டை இன்னொருத்தன் பிரிக்கறதா? அது நடக்காது."

அவ்வளவுதான். டீச்சரும் இல்லை, கட்டடமும் இல்லை. எல்லாச் சாக்கும் தீர்ந்து உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. தொப்பைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அக்கா கத்தவில்லை. பெட்டிக்குள் கையை விடப்போவதுபோல ஒரு நிமிஷம் அந்தக் கொண்டை ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நீங்க இருங்க. நான் போறேன்" என்றாள்.

"போயேன். யாரு வேண்டாம்னா?" என்றார் அத்தான். அவள் போகமாட்டாள் என்பதில் அவருக்கு அத்தனை நிச்சயம்.

அதற்கப்புறம் அவர் நடந்துகொண்டதுதான் விசித்திரம். திட்டத்தை ஓர் ஆளுக்காக மாற்றி எழுதினார். தனியாகப் போகிற பெண் எந்தத் தெருவில் நடக்கலாம், இருட்டுவதற்குள் எங்கே திரும்ப வேண்டும் என்று பச்சை மையில் குறித்தார். லிஸ்பனுக்குப் பக்கத்தில் சிந்த்ரா என்ற ஊரில் மலைமேல் இருக்கிற அரண்மனைக்கு எந்த ரயில், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி தெரியும் என்று எழுதினார். ஷூவுக்குப் பிடிமானமான அடி வேண்டும் என்று கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். பாசம் இல்லாத மனுஷர் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கூட வருவதைத் தவிர அவளுக்கு எல்லாம் செய்தார்.

கிளம்பும் நாள் மத்தியானம் நான் வேனோடு போனேன். அக்கா கதவருகே பெட்டியோடு தயாராக நின்றாள். மடித்த வரைபடத்தை அவள் கையில் வைத்துவிட்டு, "கீழ வரலாம்தான். ஆனா போன் இருக்கே" என்றார் அத்தான். அக்கா அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். பெட்டி கனம் என்று லிஃப்ட்டில் ஏறினோம். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று இறங்கியது. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

நான் கதவைத் தட்டினேன், பட்டனையெல்லாம் அமுக்கினேன். "ஒன்பது வருஷமா நிக்காத சனியன் இன்னிக்குத்தான் நிக்கணுமா?"

அக்கா பெட்டியைப் படுக்க வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். "தட்டாதேடி. இது பழுது இல்ல."

"பின்ன?"

"பழுதுன்னா ரெண்டு தடவை உதறிட்டுத்தான் நிக்கும். இது ஒரேயடியா நின்னுச்சு. சுவிட்சை அணைச்சிருக்காரு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மேலே பார்த்து அத்தான், அத்தான் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இத்தனை வருஷத்துல நான் இதுக்குள்ள மாட்டினதே இல்ல, தெரியுமா? மாட்டினவங்களுக்கெல்லாம் நான்தான் ஆறுதல் சொன்னேன்" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து டெலிபோனை எடுத்தாள்.

மேலே வீட்டில் மணி அடிப்பது லிஃப்ட் குழி வழியாக எங்களுக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுக்கத்தான் அவர் வீட்டில் இருக்கிறார். ஆனாலும் எடுக்கவில்லை. விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மணி நின்றது. அவர் எடுத்துவிட்டார், ஆனால் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் ரிசீவரிலிருந்து எனக்கும் கேட்டது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் அந்தக் குரலில், கட்டடத்தில் பாதிப் பேரை அமைதிப்படுத்திய அதே குரலில் சொன்னாள்.

"பயப்படாதீங்க. நான் எங்கயும் போயிடல. பத்து நாள்ல வந்துடுவேன்."

ரிசீவரை மாட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ அசைந்தது. லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கிக் கீழே இறங்க ஆரம்பித்தது.

விமான நிலையம் போகிற வழியெல்லாம் நான்தான் அழுதுகொண்டு ஓட்டினேன். "திரும்பிப் போய் அந்த மனுஷனை நாலு கேள்வி கேக்கறேன் பாரு" என்றேன். "ஒண்ணும் கேக்காதே. சாப்பிட்டாரான்னு மட்டும் பாரு" என்றாள்.

கேட்காமல் இருப்பேனா? அன்று சாயங்காலமே சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்த கையோடு கேட்டேன். அத்தான் சண்டைக்கு வரவில்லை. "நிறுத்தணும்னு நினைக்கலம்மா. அவ இறங்கற சத்தம் சுவர்ல கேட்டுச்சு. மாடி மாடியா குறைஞ்சுகிட்டே போச்சு. இனிமே கேக்காதுன்னு தோணின உடனே கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு." சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

அந்தப் பத்து நாளும் அவர் மேஜையில் உட்கார்ந்து திட்டப்படி போர்ச்சுகல் பார்த்தார். "இப்ப சிந்த்ரா ரயில்ல இருப்பா. இடது பக்கம் உக்காந்திருக்கணும்" என்பார். அக்கா போன் செய்தால் வேறெங்கோ இருப்பாள்.

"அரண்மனைக்குப் போகலையா?"

"மழை பெய்யுது. சும்மா ஒரு கடை வாசல்ல உக்காந்து ஆத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"சும்மாவா?" அந்தச் சும்மா மட்டும் அத்தானுக்கு ஜீரணமாகவே இல்லை.

"அந்த லிஃப்ட்டைப் பாத்தியா? ஏறினியா?" என்று இன்னொரு நாள் கேட்டார்.

"பாத்தேன். அழகா இருக்கு. ஏறல. பக்கத்துத் தெரு வழியா நடந்தே மேல போயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மேட்டுத் தெருவையும் பாத்துட்டேன். படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு. பக்கத்துல நீங்க இல்ல, அவ்வளவுதான்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

திரும்பி வரும் நாளில் என்னை விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நானே டாக்ஸியில் வந்துவிடுவேன், நீ அவரோடு இரு என்றாள். அத்தான் வீட்டைப் பெருக்கி, சவரம் செய்துகொண்டு, சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவர் உறுமும்போதெல்லாம் விரலைத் தூக்குவார். "அஞ்சாவது மாடி. இவ இல்ல." மறுபடி உறுமும். "கீழ போகுது." சாயங்காலம் லிஃப்ட் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பியது. ஐந்தில் நிற்கவில்லை. ஒன்பதில் நிற்கவில்லை. பதினொன்றையும் தாண்டியது. அத்தான் எழுந்தே விட்டார். "அவதான்!" கதவைத் திறந்துகொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே பெட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அத்தான் உள்ளே எட்டிப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பத்து நாளில் அந்த முகத்தில் நான் பார்க்காத பயத்தை அப்போது பார்த்தேன். கதவு மூடப் போனது, பெட்டியை வெளியே இழுத்தேன். ஐந்தாறு நிமிஷம் அங்கேயே நின்றோம், அப்புறம்தான் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிதானமாக, பிடிமானமுள்ள ஷூவின் சத்தம். அக்கா வெயிலில் கறுத்துப்போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசித் திருப்பத்தில் ஏறி வந்தாள்.

"ஏன் படியில வந்தே?" என்றார் அத்தான். குரல் அவருடையதாகவே இல்லை.

"இதுல ஏற இனிமே எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. பல் கூசுகிறது என்பதுபோலச் சொன்னாள். அத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டீ குடித்தோம். படங்களைக் காட்டினாள். எல்லாப் படத்திலும் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தாள், எங்கள் ஆல்பத்தில் நிற்பதுபோலவே, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு. அத்தான் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த இடத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அடுத்த வருஷம் வடக்கே போர்த்தோ போகணும்னு இருக்கேன்" என்றாள் அக்கா, ஷூவைக் கழற்றிக்கொண்டே. "தொப்பைக்காரரு இன்னும் தயாராத்தான் இருக்காராம். நாலு நாள் போதுமாம். டிக்கெட் ஒண்ணு எடுக்கட்டுமா, ரெண்டு எடுக்கட்டுமா?"

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் வாயையே பார்த்தேன். சொல்லுங்கள் அத்தான், ஒரே ஒரு வார்த்தை, சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். உதடு பிரிந்தது.

சுவர் உறுமியது. அத்தானின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஆறாவது மாடி" என்றார்.